சம்மந்தியோடு பன்னிரண்டு மீட்டர்

பிப்ரவரி 10, சனி

பிளேன்ல ஜன்னல் சீட்டு எனக்குத்தான் போட்டிருந்தது. டிக்கெட்டுல என் பேரு, சீட்டு நம்பர் எல்லாம் தெளிவா இருக்கு. பையை மேல ஏத்திட்டுத் திரும்பறதுக்குள்ள சம்மந்தி போய் ஜன்னல் ஓரமா உக்காந்து பெல்ட்டும் மாட்டிட்டாரு. "ஏனுங் சம்மந்தி, உங்களுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னங்க"ன்னாரு. நானும் "அதுக்கென்னங்க, நீங்க உக்காருங்க"ன்னு பல்லக் காட்டினேன். போர்ட் பிளேர் வரைக்கும் அவர் கடலப் பாத்தாரு. நான் அவரோட காதப் பாத்துட்டு வந்தேன்.

இந்த நாச்சிமுத்து பொள்ளாச்சியில தேங்காய் மண்டி வெச்சிருக்கற மனுஷன். என் பொண்ணு மேகலாவோட மாமனார். கல்யாணமாகி ஒண்ணரை வருஷமாச்சு. இந்த ஒண்ணரை வருஷமும் நான் பொண்ணப் பெத்தவன், அவர் பையனப் பெத்தவர். அவர் உக்காந்தா நான் நிக்கணும், அவர் நின்னா நான் ஓரமா நிக்கணும். யாரும் சட்டம் போடல. ஆனா அப்படித்தான் நடக்குது, அதுக்கு நானும்தான் காரணம்.

அவருக்கு அறுபது முடிஞ்சதுக்கு மாப்பிள்ளை தினகரன் குடுத்த பரிசு இந்தப் பயணம். மனுஷன் டிவியில கடலுக்கடியில எடுத்த படமாப் பாத்துப் பாத்து ஆசைய வளத்து வெச்சிருக்காரு. முதுகுல காத்து சிலிண்டரக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள எறங்கறதாம், அதுவும் ஜோடியாத்தான் எறங்கணுமாம். அந்த ஜோடிக்கு மாட்டுனது நான். முடியாதுன்னுதான் சொன்னேன். மேகலாதான் விடாம நச்சரிச்சா. "போய்ட்டு வாங்கப்பா, ஒரே ஒரு வாரம்தானே. மாமா சந்தோஷப்படுவாரு." இதுக்கு முன்னாடி அவ என்கிட்ட எதுக்கும் இப்படிக் கெஞ்சினது இல்ல.

கிளம்பும்போது என் வீட்டுக்காரி சரோஜா வாசல்ல நிறுத்தி வெச்சு சொன்னா: "பேசிடுங்க. பதினாறாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. அதுக்குள்ள பேசிடுங்க."

விஷயம் இதுதான். மேகலா மாட்டு டாக்டருக்குப் படிச்சவ. பரீட்சை எழுதி, கவர்மெண்ட் ஆர்டர் கையில வந்துருச்சு. தாராபுரம் பக்கத்துல ஒரு ஊரு ஆஸ்பத்திரி. பதினாறாந்தேதி வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சேரலைன்னா ஆர்டர் போச்சு. சம்மந்தி "அதெல்லாம் வேண்டாம்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. அவர்கிட்டப் பேசி சம்மதிக்க வெக்கணும். அது என் வேலை.

பிப்ரவரி 11, ஞாயிறு

போர்ட் பிளேர்ல இருந்து படகுல ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்னத் தீவு. ஓட்டல்ல போன் எடுக்காது. படகுத்துறைக்கு நடந்து போனாத்தான் ரெண்டு கோடு சிக்னல் வருது.

கடலுக்குள்ள முங்கறதுக்குச் சொல்லிக் குடுக்கற பொண்ணு பேரு ரெஜினா. தூத்துக்குடிக்காரி, முப்பது வயசுகூட இருக்காது. எங்க ரெண்டு பேரையும் இடுப்பளவு தண்ணியில முட்டி போட வெச்சா. முகத்துல மாட்டற கண்ணாடிக்குள்ள தண்ணிய விட்டு, மூக்கால ஊதி வெளிய தள்ளணுமாம். எனக்கு நாலு தடவை உப்புத் தண்ணி மூக்குல ஏறிடுச்சு. சம்மந்திக்கு மொத தடவையே வந்துருச்சு. "சம்மந்திக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும் பாப்பா, நீ பொறுமையாச் சொல்லிக்குடு"ன்னு அவகிட்ட சிபாரிசு வேற. அந்தக் கண்ணாடியாலயே அவர ஒரு அடி அடிக்கலாமான்னு இருந்துச்சு.

அப்புறம் ரெஜினா ஜோடிப் பரிசோதனையக் காட்டுனா. தண்ணியில குதிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் தொட்டுப் பாக்கணும். பட்டையெல்லாம் இழுத்துப் பாக்கணும், இடுப்புல கட்டற எடையப் பாக்கணும். கடைசியா ஜோடி மூணு தடவை குழாயில மூச்சு இழுக்கும்போது காத்து மீட்டரோட ஊசியப் பாக்கணும். ஊசி அசையாம நின்னா சிலிண்டர் வால்வு முழுசாத் தொறந்திருக்குன்னு அர்த்தம். மூச்சுக்கு மூச்சு ஆடுச்சுன்னா வால்வு சரியாத் தொறக்கல, எறங்கக் கூடாது.

"மேல இருக்கும்போது மூச்சு நல்லாத்தான் வரும் சார். கீழ போனாத்தான் வராது. அதனால ஜோடிய நம்பாதீங்க, ஊசிய நம்புங்க"ன்னா.

எனக்கு இது புதுசில்ல. முப்பத்தி நாலு வருஷம் மின்வாரியத்துல குப்பை கொட்டுனவன். கரண்ட் நிறுத்தியாச்சுன்னு லைன் கிளியர் வாங்கி, நானே ஒரு தடவை பாக்காம எந்த ஆளையும் கம்பத்துல ஏத்துனதில்ல.

ஆனா சம்மந்தியோட மார்புப் பட்டையில கை வெக்கறதுக்குப் போனேன் பாருங்க, மனுஷன் ஒரு எட்டு பின்னாடி போயிட்டாரு. "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க சம்மந்தி, நீங்க எதுக்கு"ன்னாரு. என்னமோ அவர் வேட்டிய நான் உருவப் போன மாதிரி. "சரிங்க"ன்னுட்டு கையக் கட்டிக்கிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மொத மொதல்ல ஆறு மீட்டர் எறங்கினோம்.

நல்லா இருந்துச்சுன்னு எழுத மனசு வரமாட்டேங்குது. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. காதுல சத்தமே இல்ல. என் மூச்சு மட்டும் கர்ர்ருனு போய் வருது. மஞ்சளும் கருப்புமா ஒரு மீன் கூட்டம் என்னைச் சுத்தித் திரும்புச்சு, எனக்குப் பயப்படவே இல்ல. அம்பத்தெட்டு வயசுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமலே செத்திருப்பேன். இருபது நிமிஷம் எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. மேல வந்து வாயில இருக்கற குழாய எடுத்ததும் சம்மந்தி சொன்ன மொத வார்த்தை: "நீங்க காலை ரொம்ப ஆட்டறீங்க சம்மந்தி. மண்ணு கலங்கி எனக்கு ஒண்ணுமே தெரியல."

மத்தியானம் படகுத்துறைக்குப் போய் மேகலாவக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மாப்பிள்ளைக்கும் அடிச்சேன், எடுக்கல. நாலு மணிக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. "எல்லாரும் நல்லா இருக்கோம்பா. தண்ணிய நல்லா அனுபவிங்க." என்ன பொண்ணு இவ. தலைக்கு மேல கத்தி தொங்குது, எனக்குத் தண்ணிய அனுபவிக்கச் சொல்றா.

பிப்ரவரி 13, செவ்வாய்

பேசல.

பிப்ரவரி 14, புதன்

இன்னைக்குப் பேசினேன். பேசினேன்னு சொல்றதவிட ஆரம்பிச்சேன்னு சொல்லலாம்.

காலையில ரெண்டு பேரும் இட்லிக்காகக் காத்திருந்தோம். அந்த ஓட்டல்காரன் தீவுல இட்லி போடறானேன்னு சம்மந்தி நல்ல மனநிலையில இருந்தாரு. இதுதான் நேரம்னு நெனச்சு, "சம்மந்தி, மேகலா விஷயமா ஒண்ணு"ன்னேன்.

"என்னுங்க?"

"அந்த ஆர்டர் விஷயம். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை கடைசிங்க."

அதுக்குள்ள இட்லி வந்துருச்சு. அவர் சட்னியத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாரு. தேங்காய் பழசுன்னு முகத்தச் சுளிச்சாரு. அப்புறம்தான் என்னப் பாத்தாரு.

"சம்மந்தி, நீங்க தப்பா நெனக்கக் கூடாது. நாச்சிமுத்து வீட்டு மருமக ஊரு ஊரா சாணியில நின்னு மாட்டுக்குள்ள கைய விட்டுட்டு இருக்கான்னு நாலு பேரு பேசறத நான் கேக்கணுங்களா? அப்படி என்ன கொறை வெச்சுட்டோம் நாங்க?"

அவர் வீட்டுலயே எட்டு மாடு இருக்கு. போன ஐப்பசியில ஒரு பசு கன்னு போட முடியாமக் கிடந்தப்ப, மாட்டுக்குள்ள கைய விட்டு அந்தக் கன்ன உயிரோட எடுத்தது யாரு? மேகலா. பொங்கலுக்குப் போனப்ப, "எம் மருமக கை பட்ட கன்னு"ன்னு இவரே என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. வீட்டுத் தொழுவத்துல நின்னாப் பெருமை, ஊர்த் தொழுவத்துல நின்னா அசிங்கமாம்.

இது அத்தனையும் எனக்கு இப்பத்தான் வாயில வருது. அப்ப என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லைங்க, கொறைன்னு இல்லைங்க." அவ்வளவுதான். அதுக்கப்புறம் என் தட்டுல இருந்த இட்லிய எடுத்து அவருக்கு வெச்சேன். அவருக்கு ரெண்டுதான் வந்திருந்துச்சுன்னு. வெக்கங்கெட்டவன் நான்.

பிப்ரவரி 15, வியாழன். காலை

இன்னைக்குப் பன்னெண்டு மீட்டர். படகு எட்டு மணிக்கு. அவர் முகத்தப் பாக்கவே பிடிக்கல.

பிப்ரவரி 15, வியாழன். மதியம்

நனஞ்ச துணியோடயே உக்காந்து எழுதறேன். எழுத்து கோணலாத்தான் இருக்கும். வரிசையா எழுதிடறேன்.

படகுல சிலிண்டரெல்லாம் படகுக்காரர் தொறந்து மாட்டி வெச்சிருந்தாரு. சம்மந்தி அவரோடதத் தொட்டுப் பாத்துட்டு, "இப்படி முழுசாத் தொறந்து வெச்சா வாஷர் போயிரும். எங்க தோட்டத்து வால்வே நான்தான் பாக்கறேன்"னு ஒரு திருகு திருகினாரு. அப்புறம் எதிர்ப்பக்கமாக் கால் திருகு. எந்தப் பக்கம் மூடறது, எந்தப் பக்கம் தொறக்கறதுன்னு அவருக்குக் குழம்பிருச்சுன்னு எனக்குப் பட்டுச்சு. ஆனா நான் சொல்லல. நேத்து இட்லி தொண்டையில நிக்குது, அவர்கிட்டப் பேச எனக்கு என்ன வேண்டுதலா?

ரெஜினா எங்க ரெண்டு பேருக்கும் எடைய மாட்டி விட்டுட்டு, "ஜோடிப் பரிசோதனை பண்ணுங்க"ன்னா. சம்மந்தி வழக்கம்போல, "ஆச்சுங்க ஆச்சுங்க"ன்னாரு. மூணு தடவை மூச்சு மட்டும் இழுத்துக் காட்டினாரு. நான் மீட்டரப் பாத்தேன். ஆனா சரியாப் பாக்கல. படிக்கற கண்ணாடி பையில இருந்துச்சு, வெயில் வேற. ரெஜினா, "சார், ஊசி பாத்தாச்சா?"ன்னு கேட்டா. "பாத்தாச்சு"ன்னேன்.

குதிச்சோம்.

பன்னெண்டு மீட்டர்ல பெரிய பவளப் பாறை ஒண்ணு. ரெஜினா முன்னாடி போறா. சம்மந்தி எனக்கு இடது பக்கம். திடீர்னு என் கையப் புடிச்சாரு. புடிச்சாருன்னா சும்மா இல்ல, நகம் இறங்கற அளவுக்கு. திரும்பிப் பாக்கறேன், கண்ணாடிக்குள்ள கண்ணு ரெண்டும் பிதுங்கி நிக்குது. கழுத்துக்கு நேரா கைய வெட்டறாரு. காத்து இல்லைன்னு அதுக்கு அர்த்தம், மொத நாளே சொல்லிக் குடுத்தது. வாயில இருக்கற குழாயப் பிடுங்கி எறிஞ்சாரு. என் வாயில இருக்கறத இழுக்க வந்தாரு.

எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல. ஜோடிக்குன்னே உபரியா என் மார்புல தொங்கற மஞ்சள் குழாய எடுத்து அவர் வாயில திணிச்சேன். மார்புப் பட்டையக் கெட்டியாப் புடிச்சேன். ஒண்ணரை வருஷத்துல நான் அவர மொத தடவையாத் தொட்டது அப்பத்தான். ரெண்டு பேரும் என் ஒரு சிலிண்டருல மூச்சு இழுத்துட்டு அப்படியே நின்னோம். ரெஜினா திரும்பி வந்தா, அவர் முதுகுக்குப் பின்னாடி கை விட்டு எதையோ திருகினா, எங்க ரெண்டு பேரையும் மெதுவா மேல கூட்டிட்டு வந்தா.

படகுல ஏறி அஞ்சு நிமிஷம் அவருக்கு இருமல். அப்புறம் தலையத் தூக்கி மொத வார்த்தை: "என்ன சிலிண்டர் குடுத்திருக்கீங்க நீங்க? ஓட்டைச் சிலிண்டரக் குடுத்து மனுஷன சாகடிக்கப் பாக்கறீங்களா?"

படகுக்காரரு முகம் வெளுத்துப் போச்சு. ரெஜினா, "சிலிண்டர்ல இன்னும் நூத்தி எழுபது காத்து இருக்கு சார். வால்வு கால் திருகுதான் தொறந்திருந்துச்சு. யாரு தொட்டா?"ன்னா. சம்மந்தி படகுக்காரர நோக்கி விரல நீட்டினாரு.

அங்கதான் எனக்குப் பொறுமை அறுந்துச்சு.

"நீங்கதானுங்க திருகுனீங்க. அந்த ஆளு மேல எதுக்குப் பழியப் போடறீங்க? நான் பாத்தனுங்க" அப்படின்னு கத்தினேன். கத்தினேன்னு எழுதறப்பவே எனக்கு நம்பிக்கை வரல.

சம்மந்தி என்னப் பாத்தாரு. "பாத்தீங்களா? பாத்துட்டு ஏனுங்க சொல்லல?"

"உங்ககிட்ட யாருங்க சொல்ல முடியுது? ஜன்னல் சீட்டு உங்களுது, பேச்சு உங்களுது, எங்க பொண்ணு வாழ்க்கையும் உங்களுது. பட்டையத் தொட வந்தாக்கூட ஒரு எட்டுப் பின்னாடி போறீங்க. தொட்டுப் பாக்க விட்டிருந்தா இன்னைக்கு இது நடந்திருக்குமா?"

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மேகலா வேலையில சேருவா. நான் உங்ககிட்டச் சம்மதம் கேக்கலைங்க, தகவல் சொல்றேன். நாலு பேரு பேசுனா என்னைப் பத்திப் பேசச் சொல்லுங்க."

ரெஜினா கயித்தச் சுத்தற மாதிரி நடிச்சுட்டு இருந்தா. கரைக்கு வர்ற வரைக்கும் சம்மந்தி தண்ணியையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. படகு மண்ணுல தட்டுனதும் எந்திரிச்சு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாரு: "சரிங்க. சேரட்டும்."

நேரா படகுத்துறைக்கு ஓடினேன். மழை புடிச்சுக்கிச்சு, ஒரு கோடு சிக்னல்கூட இல்ல. ஒரு மணி நேரம் நனஞ்சுட்டு நின்னதுதான் மிச்சம். இனிமே நாளைக்குத்தான். பொள்ளாச்சியில இருந்து தாராபுரம் ஒண்ணரை மணி நேரம். காலையில லைன் கெடச்சாப் போதும், அஞ்சு மணிக்குள்ள போயிரலாம்.

பிப்ரவரி 16, வெள்ளி. காலை

ஊசியப் பத்தி நேத்து எழுதுனது பொய். கண்ணாடி போடாமலே அது எனக்குத் தெரிஞ்சுச்சு. மொத மூச்சுக்கு இருநூறுல இருந்து எறங்கி, திரும்ப மேல வந்துச்சு. ரெண்டாவதுக்கும் எறங்குச்சு. மூணாவதுக்கும். முப்பத்தி நாலு வருஷம் மீட்டர் பாத்த கண்ணு இது, ஊசி ஆடறது தெரியாம இருக்குமா? மரியாதைக்காகத்தான் சொல்லலைன்னு ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். முந்தின நாள் இட்லி நெனப்பு வராம இருந்திருந்தா அது உண்மைன்னு நானே நம்பியிருப்பேன்.

இத யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எழுதிட்டேன், போதும்.

பிப்ரவரி 16, வெள்ளி. மதியம்

ஏழு மணிக்கெல்லாம் படகுத்துறையில நின்னேன். சம்மந்தியும் பின்னாடியே வந்தாரு. ஒரு கடலைப் பொட்டலத்தப் பிரிச்சு எனக்குப் பாதி குடுத்தாரு. மேகலாவோட போன் எட்டேகாலுக்குத்தான் கெடச்சுது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா? மாமா நல்லா இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு. கண்ணு, நான் சொல்றத மட்டும் கேளு. உடனே கிளம்பு. ஆர்டர எடுத்துக்கோ, சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கோ. மாப்பிள்ளையக் கார எடுக்கச் சொல்லு. அஞ்சு மணிக்குள்ள சேந்துரணும்."

போன்ல ஒரு மாடு கத்துச்சு.

"அப்பா, நான் திங்கக்கிழமையே சேந்துட்டேன்."

"எந்தத் திங்கக்கிழமை?"

"இந்தத் திங்கக்கிழமைதாம்பா. இப்ப ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்."

படகு கட்டற கல்லு மேல உக்காந்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியுமான்னு கேட்டேன்.

"அவர்தாம்பா கொண்டுவந்து விட்டாரு. உங்களுக்கு டிக்கெட் போட்டதும் அவர்தானே. போன் எடுக்காத ஊராப் பாத்துத்தான் போட்டாரு."

"உங்க அத்தை?"

"அத்தை சாமி கும்பிட்டுத் துன்னூறு வெச்சு, சோறு கட்டிக் குடுத்தாங்க."

"அம்மா?"

"அம்மாவுக்கும் தெரியும்பா. ஒருவேளை நீங்களே பேசிட்டீங்கன்னா நல்லதுதானேன்னு சொன்னாங்க."

ஒருவேளையாம். நாலு பேரும் சேந்து என்னை எப்படி ஏமாத்தியிருக்காங்க.

"அவங்களுக்கெல்லாம் சொன்ன, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு? நான் உன் அப்பன்தானே?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்பா. நேரா மாமாகிட்டப் போய், சேரலாங்களான்னு கேட்டிருப்பீங்க."

கோபமாச் சொல்லல. என் ரத்தக் கொதிப்பு மாத்திரை எங்க இருக்குன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. நேத்து நான் படகுல பேசினதச் சொல்ல வாயெடுத்தேன். "கண்ணு, நேத்து நான் உங்க மாமாகிட்ட"ன்னு ஆரம்பிக்கும்போதே அங்க யாரோ, "டாக்டரம்மா"ன்னு கூப்பிட்டாங்க. "அப்பா, ஒரு எருமை வந்திருக்கு, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டா.

சம்மந்தி பக்கத்துல வந்து நின்னாரு. "என்ன சொல்லுது மருமக? கிளம்பிருச்சுங்களா?"

"சேந்துட்டாளாங்க."

"அதுக்குள்ளயா?"

"திங்கக்கிழமையே. மாப்பிள்ளதான் கூட்டிட்டுப் போனாராம். உங்க வீட்டம்மா சோறு கட்டிக் குடுத்தாங்களாம்."

கத்துவாருன்னு நெனச்சேன். கத்துனா நானும் கத்தறதுக்குத் தயாராத்தான் இருந்தேன். அவர் மிச்சமிருந்த கடலையப் பொட்டலத்தோட மடிச்சுச் சட்டைப் பையில வெச்சாரு. எனக்குப் பக்கத்துக் கல்லு மேல உக்காந்தாரு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா சம்மந்தி?"

"தெரியாதுங்க. எனக்கும் சொல்லல."

"உங்களுக்குமா?" அவர் என்னை முழுசாத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "அப்ப அதுக கணக்குல நீங்களும் நானும் ஒண்ணுதானுங்க."

இந்த மனுஷன் மேல ஏழு நாளா பக்கம் பக்கமாத் திட்டி எழுதியிருக்கேன். ஜன்னல் சீட்டுல இருந்து இட்லி வரைக்கும் ஒண்ணு விடல. இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் எழுதலாம்னு பேனாவத் தொறந்து வெச்சுட்டு மத்தியானம் முழுக்க உக்காந்திருக்கேன். இல்லைன்னு எழுத முடியல.